எம்130 (மரபணுக் குறி)

எம்130 என்பது மனித ஒய் நிறப்புரியில் (குரோமோசோம்) காணப்படும் ஒரு மரபணுக் குறி ஆகும். இக்குறியைக் கொண்ட ஆண்கள் 'சி' எனப்படும் தந்தைவழி மரபுக்குழுவைச் சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய மனிதரின் மிகப் பழைய தந்தைவழிக் கிளைகளுள் இதுவும் ஒன்றாகும். மதுரைக்கு அருகிலுள்ள ஜோதிமாணிக்கம் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் இக்குறி தமிழகத்தில் பரவலாக அறியப்படுகின்றது.

கடத்தப்படும் முறை

ஒய் நிறப்புரி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கின்றது. அதன் பெரும்பகுதி பிற நிறப்புரிகளுடன் கலப்பதில்லை. எனவே ஒருவரிடம் தோன்றிய சிறு மாற்றம் அவரது ஆண்வழியினரிடம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றது. எம்130 இவ்வாறு தோன்றிய மாற்றமாகும். இது 50,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

மதுரை ஆய்வு

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், மதுரைப் பகுதி மக்களின் குருதி மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்தார். அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்சும் இவ்வாய்வில் இணைந்தார். வெல்சின் 'மனிதனின் பயணம்' என்னும் ஆவணப்படம் (2003) இம்முடிவை உலகறியச் செய்தது. 2005 இல் தொடங்கிய ஜீனோகிராபிக் திட்டத்தின் இந்திய ஆய்வுகளுக்குப் பிச்சப்பன் தலைமை வகித்தார்.

ஆத்திரேலியத் தொடர்பு

ஆத்திரேலியப் பழங்குடியினரிடமும் 'சி' மரபுக்குழு காணப்படுகின்றது. ஆதி மனிதர் கடலோரமாக இந்தியா வழியே ஆத்திரேலியாவை அடைந்தனர் என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. எனினும் இரு நாடுகளிலும் உள்ள உட்கிளைகள் வெவ்வேறானவை. அவை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டன என 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ஒருவர் மற்றவரின் வழித்தோன்றல் அல்லர். இருவருக்கும் பொது மூதாதை ஒருவர் இருந்தார் என்பதே பொருள்.

பண்பாட்டின் பங்கு

மதுரை ஆய்வாளர்கள் பங்கேற்று 2012 இல் வெளியிட்ட ஆய்வு, தமிழகத்தின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களை ஆராய்ந்தது. இச்சமூகங்களுக்கிடையிலான மரபணு வேறுபாடுகள் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்னர், வேளாண்மை பரவிய காலத்தை ஒட்டித் தோன்றின என்றும், அவை வருணப் பாகுபாட்டிற்கு முற்பட்டவை என்றும் அது கூறுகின்றது. பின்னர் அகமண வழக்கம் அவ்வேறுபாடுகளை நிலைக்கச் செய்தது. வாழ்க்கைத் தொழிலும் மணமுறையும் மனித உயிரியலை மாற்ற வல்லவை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தவறான புரிதல்

எம்130 உடையவரை 'முதல் இந்தியர்' எனக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. இது அறிவியல் நோக்கில் சரியன்று. பத்துத் தலைமுறைக்கு முந்தைய நிலையில் ஒருவரது வம்சாவளியில் 1,024 மூதாதையர் இடங்கள் உள்ளன. ஒய் நிறப்புரி அவற்றுள் ஒன்றை மட்டுமே காட்டுகின்றது. வேறு குறி உடையவர்களுக்கும், ஒய் நிறப்புரி இல்லாத பெண்களுக்கும் அதே தொன்மையான மூதாதையர் இருக்கக்கூடும். ஆதலால் எந்தவொரு ஊரோ சாதியோ தன்னை மூத்த குடி என நிறுவ இக்குறி சான்றாகாது.