காகமும் காக்காவும்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் உள்ள தோப்பூரில் "காக்கா" என்று குரல் எழுந்தால் எவரும் மரக்கிளையைப் பார்ப்பதில்லை. மூத்த சகோதரர் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். பறவை அங்கே காகம். காக்கா என்பது முஸ்லிம் மக்களின் உறவுச்சொல். தமிழகத்துக் காயல்பட்டினத்திலும் இவ்வழக்கு உண்டு. பாரசீகத்தில் 'காகா' மூத்த சகோதரனைக் குறித்தது. மராத்தியில் தந்தையின் சகோதரனைக் குறிக்கிறது.

பறவையின் பெயரும் தமிழில் பல பணிகள் செய்திருக்கிறது. விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடிய சங்கப் புலவர் நச்செள்ளையார், 'காக்கைபாடினியார்' ஆனார். மின்னும் அபிரகம் 'காக்காய்ப்பொன்' ஆயிற்று. இனத்தோடு பகிர்ந்துண்ணும் பண்புக்கு வள்ளுவர் எடுத்துக்காட்டிய அப்பறவையின் பெயரே, அதிகாரத்தின் காலடியில் கிடப்போரின் செயலுக்கும் 'காக்காய் பிடித்தல்' என்று வழங்கலாயிற்று. குற்றம் பறவையுடையதன்று.

ஆம், சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி மட்டுமன்று, மக்களின் வாழ்க்கையே. தம்பி அன்போடு அழைக்கும் 'காக்கா'வை, ஒரு சமூகத்தையே ஒதுக்கிவைக்கும் பட்டப்பெயராகவும் பிறர் வீசிவிட முடியும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2006இல் மூதூர்ப் பகுதியில் போர் மூண்டபோது முஸ்லிம்கள் கந்தளாய்க்கும், தமிழர் வாகரைக்குமாக அகதிகளாய் ஓடினர். இரு சாராரும் அழுதது ஒரே மொழியில்தான். ஓடிய திசைகளோ வேறு!

காகத்தின் பெயரை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள், காக்கா என்னும் உறவையும் சேர்த்தே கற்பிக்கட்டும்.