மூன்றாம் நாள் முட்டை

முதன்முதலாகக் கோழியை அடை வைத்தவர்களுக்கு 21 நாட்கள் என்பது நீண்ட காலம். உள்ளே என்னதான் நடக்கிறது? உங்களுக்கு எழும் இதே ஆவல் பண்டைக் கிரேக்கருக்கும் எழுந்தது. இருபதோ அதற்கு மேலோ முட்டைகளை அடை வைத்து, இரண்டாம் நாள் முதல் தினம் ஒன்றாக உடைத்துப் பாருங்கள் என்கிறது ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று. ஒரு நாள் அறிவுக்கு ஒரு குஞ்சு விலை!

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) கண்டது இது: மூன்று நாள் கழிந்ததும் வெண்கருவில் ஒரு குருதிப் பொட்டு, அது துடிக்கிறது. உறுப்புகளில் முதலில் தோன்றுவது இதயமே என்று அவர் முடிவு கட்டினார். வில்லியம் ஹார்வியோ 1651-இல் வெளியான தம் நூலில், இதயத்திற்கும் முந்தியது குருதி என்றார். சிவந்ததும் அசைவதும்தானே முதலில் கண்ணில் படும்? 1670-களில் மால்பிகி நுண்ணோக்கியில் இன்னும் இளைய கருக்களைப் பார்த்து வரைந்தார். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் மடிப்பு ஏறத்தாழ முதல் நாள் முடியும்போதே எழத் தொடங்கிவிடுகிறது என்பதை இன்று அறிவோம். இதயம் துடிப்பது இரண்டாம் நாளில்தான்.

நீங்கள் முட்டையை உடைக்க வேண்டாம். ஏழாம் நாள் கோழி இரைக்கு இறங்கும்போது, இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் முட்டையைப் பிடியுங்கள். கருக்கூடிய முட்டையில் சிலந்திக் கால்போலச் செந்நிற இழைகள் தெரியும்.