பிரெஞ்சுத் தேர்வில் ‘தன்னை’ அறிமுகப்படுத்திக்கொள்ளாதீர்கள்: இரண்டு வினைக்கு நடுவில் வரும் ஒரு சின்னச் சொல்

கனடா பி.ஆர் கனவில் பிரெஞ்சு படிக்கிறீர்களா? பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் என்.சி.எல்.சி 7, ஆங்கிலத்தில் சி.எல்.பி 5 எடுத்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கூடுதலாக 50 புள்ளிகள் உண்டு. டி.சி.எஃப் கனடா பேச்சுத் தேர்வில் முதல் 2 நிமிடம், தயாரிக்க நேரம் தராமல் உங்களைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். சறுக்கல் முதல் வாக்கியத்திலேயே வரலாம்.

தவறு: ஜ வே ஸ ப்ரெஸாந்தே.
சரி: ஜ வே ம ப்ரெஸாந்தே.

என்ன தப்பு?

அகராதியில் ‘ஸ ப்ரெஸாந்தே’ என்றுதான் இருக்கும். ‘தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள’ என்று அர்த்தம். அதை அப்படியே தூக்கி வைத்தால், “நான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் போகிறேன்” என்றாகிவிடும். காதில் இடிக்குதுல்ல? தமிழில் யோசிக்காமலே ‘என்னை’ என்று மாற்றிவிடுகிறீர்கள். பிரெஞ்சிலும் அதே வேலைதான். இன்ஃபினிட்டிவ், அதாவது ‘செய்ய’, ‘எழ’ போன்ற வடிவம், மாறவே மாறாது. அதற்கு முன்னால் நிற்கும் சொல் மட்டும் ஆளுக்கேற்ப மாறும்:

- ஜ (நான்): ம
- த்யூ (நீ): த
- இல், எல் (அவன், அவள், அவர்கள்): ஸ
- நூ (நாங்கள், நாம்): நூ
- வூ (நீங்கள்): வூ

எங்கே வைப்பது?

இன்ஃபினிட்டிவை ஒட்டி, அதற்கு முன்னால். ‘ஜ துவா ம லவே’ என்றால் ‘நான் எழுந்திருக்க வேண்டும்’. எதிர்மறையிலும் இடம் மாறாது. ‘ந’, ‘பா’ இரண்டும் முதல் வினையைச் சுற்றி நிற்கும்: ‘ஜ ந வே பா ம லவே’. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘உடுத்திக்கொள்ளப் போகிறேன்’ என்பது ‘ஜ வே மாபியே’.

தமிழ் எங்கே கைவிடும்?

‘நான் எழுந்திருக்கணும்’ என்பதில் ‘என்னை’ கிடையாது. அதனால் பிரெஞ்சிலும் ‘ம’வை விட்டுவிடத் தோன்றும். விட்டால் அர்த்தமே மாறும். தமிழில் ‘எழு’, ‘எழுப்பு’ என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. பிரெஞ்சில் ஒரே வினைதான். பிரிப்பது அந்தச் சின்னச் சொல். ‘ஜ வே ம ரெவெயே’ என்றால் நான் விழித்துக்கொள்ளப் போகிறேன். ‘ஜ வே ரெவெயே போல்’ என்றால் போல் என்பவரை எழுப்பப் போகிறேன். ‘ம’வும் இல்லை, ‘போல்’ போல ஒரு பெயரும் இல்லை என்றால், யாரை எழுப்பப் போகிறீர்கள் என்று கேட்பவர் காத்திருப்பார்.

இன்னொரு பொறி

பேச்சு வழக்கில் ‘நாம்’ என்பதற்கு ‘நூ’வை விட ‘ஓன்’தான் அதிகம். அர்த்தம் ‘நாம்’ என்றாலும் இலக்கணத்தில் அது ஒருமைப் படர்க்கை. எனவே ‘நாம் சந்திக்கப் போகிறோம்’ என்பது ‘ஓன் வா ஸ வுவார்’. அதையே ‘நூ’ வைத்துச் சொன்னால் ‘நூஸ் ஆலோன் நூ வுவார்’.

எப்படிப் பழகுவது?

புது வினையை ‘ஸ’வோடு மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ‘ஜ வே ம...’ என்று தொடங்கி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். தேர்வறையில் பட்டியலை நினைவுபடுத்த நேரம் இருக்காது. வாய் பழகியதுதான் வெளியே வரும்.