ஸங்ஸாஸ்: கல்லின் மீது எழுத்தைத் திருத்தியவர்

அச்சகங்களைப் பற்றிய செய்தி வரும் பழைய உர்தூ நூல்களில் 'ஸங்ஸாஸ்' என்ற சொல் அரிதாகத் தென்படும். 'முஸ்லிஹே ஸங்' என்றும் எழுதுவார்கள். ஃபார்ஸியில் 'ஸங்' என்றால் கல், 'ஸாஸ்' என்றால் செய்பவர். அகராதியை மட்டும் நம்பித் தமிழாக்கினால் கல்தச்சர் என்று ஆகிவிடும். ஆனால் உர்தூவில் 'கடீஸாஸ்' என்பவர் கடிகாரத்தைப் பழுது பார்ப்பவரும்தான். அதுபோல, கல்லச்சுக் கல்லின் மீது பதிந்த எழுத்துகளைச் சரிசெய்பவரே ஸங்ஸாஸ்.

அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள, கல்லச்சு நடக்கும் விதத்தை அறிய வேண்டும். 1790களின் இறுதியில் ஜெர்மனியின் பவேரியாவில் அலோயிஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாது என்பதே இதன் அடிப்படை. காதிப் (எழுத்தர்) பசை பூசிய தாளில் கொழுப்பு மையால் பக்கம் முழுவதையும் எழுதுவார். இதற்குக் 'காப்பி' என்று பெயர். அதை ஈரமாக்கிச் சுண்ணாம்புக் கல்லின் மேல் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து கல்லுக்கு மாறிவிடும், ஆனால் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல. பிறகு கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் எழுத்தில் மட்டும் மை பிடிக்கும்.

இப்படி மாற்றும்போது சில எழுத்துகள் உடையும், சில புள்ளிகள் விழாமல் போகும், சில இடங்களில் மை பரவும். அப்போதுதான் ஸங்ஸாஸ் வருவார். வேண்டாததைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, விடுபட்டதைத் தூரிகையால் தலைகீழாக எழுதுவார். காதிபின் கைவண்ணத்தோடு அது ஒத்துப்போகவும் வேண்டும். அரபியை இடமிருந்து வலமாக, அதுவும் நஸ்தஅலீக் வளைவுகளோடு எழுதிப் பாருங்கள், தெரியும்!

தவறு நேர இரண்டு கட்டங்கள் உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். காப்பியைப் படித்துப் பிழை குறிப்பது 'தஸ்ஹீஹ்'. மௌலானா காஸிம் நானோத்தவி (ரஹ்) டெல்லியில் மௌலானா அஹ்மத் அலீ ஸஹாரன்பூரி (ரஹ்) அவர்களின் அச்சகத்தில் செய்தது இந்தப் பணியே. ஸஹீஹுல் புகாரியின் இறுதிப் பகுதிக்கு ஹாஷியாவும் எழுதினார். ஸங்ஸாஸின் வேலையோ அதற்குப் பிந்தியது, கல்லின் மீது நடப்பது. முதல் கட்டம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கவிஞர் காலிப் சாட்சி. 1861இல் டெல்லியில் வந்த அவருடைய தீவானின் காப்பிகளை அவரே பார்த்துத் திருத்தியும், பிழைகள் அப்படியே அச்சாகிவிட்டன. நொந்துபோன அவர் ஒரு பிரதியைத் திருத்திக் கொடுக்க, 1862இல் கான்பூர் நிஜாமி அச்சகம் மீண்டும் வெளியிட்டது.

அரபியில் ஒரு புள்ளி சின்ன விஷயமல்ல. ஒரே எழுத்து வடிவத்தில் மேலே புள்ளி வைத்தால் 'கபர்' (செய்தி), கீழே வைத்தால் 'ஜப்ர்' (நிர்ப்பந்தம்), புள்ளியே விழாவிட்டால் 'ஹிப்ர்' (மை). ஹதீஸ் அறிவிப்பாளர் ஒருவரின் பெயரில் இப்படி நேர்ந்தால் அவர் வேறொருவராகவே ஆகிவிடுவார்.

இதை நாம் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு பழைய பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, 'பாருங்கள், கிதாபில் கை வைத்துவிட்டார்கள்' என்று தஹ்ரீஃப் குற்றம் சாட்டுவது இன்று எளிதாகிவிட்டது. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்லைத் திருத்த முடியும். எனவே ஒரே பதிப்பின் முதல் பிரதிகளும் பிந்திய பிரதிகளும் சில இடங்களில் வேறுபடலாம். வேண்டுமென்றே மாற்றியவர்களே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு முஸ்லிமின் மீது அந்தப் பழியைப் போடுமுன், கையெழுத்துப் பிரதிகளையும் மற்ற ஊர்ப் பதிப்புகளையும் ஒப்பிட வேண்டும். வரியின் நடுவே ஒரு சொல் மட்டும் தடித்தோ நெருக்கியோ இருந்தால், அங்கே ஸங்ஸாஸின் கை பட்டிருக்கலாம் என்றும் நினைக்க வேண்டும்.

நூலின் கடைசிப் பக்கத்தில் காதிபின் பெயர் பெரும்பாலும் இருக்கும்; ஸங்ஸாஸின் பெயரைக் காண்பது அரிது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் கிதாபுகளில் பல, அந்தக் கல்லச்சுப் பக்கங்களைப் படமெடுத்து ஆஃப்செட்டில் அடித்தவையே. அவர் திருத்திய புள்ளிகளையும் சேர்த்துத்தான் மாணவர்கள் இன்றும் ஓதுகிறார்கள்.