வானவில்லைத் துரத்தியவர்கள் – 4: துளிக்குள் நுழைந்த இருவர்

வானவில்லின் உச்சி 42 பாகைக்கு மேல் எழும்பாது என்று ரோஜர் பேக்கன் அளந்து எழுதியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அளவு கிடைத்துவிட்டது. காரணம்தான் கிடைக்கவில்லை. மேகத்தின் மீது பட்டு ஒளி திரும்புவதே வானவில் என்று அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டுப் போன பாதையிலேயே அறிஞர்கள் பலரும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒளியியலின் பேராசான் இப்னு அல்-ஹைதம்கூட மேகத்தை ஒரு குழியாடியாகத்தான் கருதினார்.

1304-ஆம் ஆண்டு. பிரான்ஸின் துலூஸ் நகரில் டொமினிக்கன் துறவிகளின் பொதுச்சபை கூடியிருக்கிறது. ஃப்ரைபர்க் ஊரைச் சேர்ந்த தியோடரிக் என்ற ஜெர்மானியத் துறவி அங்கே வருகிறார். வானவில்லைப் பற்றி அவர் கண்டறிந்தவற்றை நூலாக எழுதும்படி சபைத் தலைவர் அய்மெரிக் கேட்டுக்கொள்கிறார்.

தியோடரிக் அப்படி என்ன கண்டறிந்திருந்தார்?

மேகத்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு மழைத்துளியை எடுத்துக்கொண்டார். துளியோ சிறியது, நொடியில் விழுந்துவிடும். ஆகவே கண்ணாடிக் கோளம் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, அதையே ஒரு பெரிய துளியாக வைத்து வெயிலில் ஆராய்ந்தார். ஒளி துளிக்குள் நுழையும்போது வளைகிறது. பின்சுவரில் மோதித் திரும்புகிறது. வெளியேறும்போது மறுபடியும் வளைகிறது. கோளத்தை ஏற்றி இறக்கினால் கண்ணுக்குத் தெரியும் நிறம் மாறுகிறது! அப்படியானால், நாம் காணும் சிவப்பு ஒரு துளியிலிருந்து வருகிறது. நீலம் வேறொரு துளியிலிருந்து வருகிறது. ஒளி துளிக்குள் இருமுறை மோதித் திரும்பினால், நிறங்கள் தலைகீழாக அடுக்கிய இரண்டாவது வில் மேலே தோன்றும்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே, பாரசீகத்தில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இன்னொருவரும் கண்ணாடிக் கோளத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் கமாலுத்தீன் அல்-ஃபாரிசி. ஒளி ஏன் வளைகிறது என்று தம் ஆசிரியர் குத்புத்தீன் அல்-ஷிராஸியிடம் கேட்டார். ஆசிரியருக்கு இளமையில் கண்ட ஒரு நூல் நினைவுக்கு வந்தது. இப்னு அல்-ஹைதம் எழுதிய ஒளியியல் நூல் அது. தொலைதூரத்திலிருந்து அதன் பிரதியை வரவழைத்து மாணவரிடம் கொடுத்தார். அல்-ஃபாரிசி அதற்கு உரை எழுதினார். எழுதியதோடு நிற்காமல் இருட்டறைக்குள் கோளத்தை வைத்து, சிறு துளை வழியே ஒளியைச் செலுத்திச் சோதித்தார். அவருக்கும் அதே விடை! முதல் வில்லுக்கு உள்ளே ஒரு மோதல், இரண்டாம் வில்லுக்கு இரண்டு மோதல்.

இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. அவர் எழுதியது இவருக்குத் தெரியாது. பெரியோர் சொன்னதைக் கையால் சோதித்துப் பார்க்கத் துணிந்ததுதான் இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அறிவியலின் மிக உயர்ந்த தருணங்களில் ஒன்று இது என்பேன்.

ஆனால் இருவரும் ஒரே கதவின் முன்னால் நின்றுவிட்டார்கள். வெயில் துளியின் முகம் முழுவதிலும் விழுகிறது. அதிலிருந்து ஒளி பல கோணங்களில் வெளியேறுகிறது. பிறகு ஏன் 42 பாகையில் மட்டும் வில் பளிச்சிடுகிறது? தியோடரிக்கின் நூலில் இந்த எண்ணே பிழையாக, 22 என்று இருக்கிறது. சூரியனும் துளியும் நம்மிடமிருந்து ஒரே தொலைவில் இருப்பதுபோல் அவர் வரைந்த படத்தை வைத்துக்கொண்டு சரியான கோணத்தை அடைய முடியாது.

இந்தக் கதவு திறந்தால்தான் வேற்றுலக வானவில்லைப் பற்றிப் பேச முடியும். 42 என்பது தண்ணீருக்கு உரிய எண். சனியின் துணைக்கோளான டைட்டனில் பெய்வது மீத்தேன் மழை. அங்கே வில் தோன்றினால் எத்தனை பாகையில் தோன்றும்? தண்ணீரின் கணக்குப் புரியாமல் மீத்தேனின் கணக்கைப் போட முடியாது.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பிறகு, 1629 மார்ச் 20 அன்று, ரோம் நகருக்கு அருகே வானத்தைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். சூரியனைச் சுற்றி மேலும் சில சூரியன்கள்! அந்தச் செய்தி நெதர்லாந்தில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் காதுக்கு எட்டியது. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தார் ரெனே தெகார்த்.

போலிச் சூரியன்களை ஆராயப் புறப்பட்டவர் மழைத்துளிக்குள் எப்படி நுழைந்தார்?

(அடுத்த வாரம் தொடரும்)