வலிமை எதற்கு? ஒரு பயிற்சி முறையின் வரலாறு



தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது உடற்கல்விப் பாடவேளைதான். அவ்வேளையைக் கணிதத்திற்கு எடுத்துக்கொண்ட குற்றம் எனக்கும் உண்டு. நான் இழக்கச் செய்தது எதனை என்பதை ஒரு வரலாறு எனக்கு உணர்த்தியது.

பலவகை அசைவுகள், அன்றாட வாழ்வுக்குப் பயன்படும் இயக்கங்கள், குறைந்த நேரத்தில் மிகுந்த தீவிரம் ஆகிய மூன்றும் இன்று பரவலாகப் பேசப்படும் பயிற்சி முறையின் அடிப்படைகள். இவற்றை இணைத்து, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரெக் கிளாஸ்மேனும் லாரன் ஜெனாயும் ‘கிராஸ்ஃபிட்’ நிறுவனத்தைத் தொடங்கினர். ஆனால், இம்முறையின் வேர்கள் அதனினும் பழையவை.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜோர்ஜ் எபேர் (1875–1957), தம் கடற்பயணங்களில் கண்ட பழங்குடி மக்களின் உடல்வலிமையை வியந்தார். அவர்கள் பயிற்சிக் கூடத்தில் பயின்றவர்கள் அல்லர். இயற்கையோடு இயைந்த வாழ்வே அவர்களை வளர்த்திருந்தது. எனவே நடத்தல், ஓடுதல், தாவுதல், நாற்கால் நடை, ஏறுதல், சமநிலை பேணுதல், எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீந்துதல் எனப் பத்து வகை அசைவுகளைக் கொண்ட ‘இயற்கை முறை’யை வகுத்தார். பிறருக்குப் பயன்படவே வலிமை என்பது அவர் கொள்கை.

1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்னும் இருவர் ‘சுற்றுப் பயிற்சி’யை உருவாக்கினர். பயிற்சி நிலையங்கள் வட்டமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு நிலையத்திலும் தம்மால் இயன்ற உச்ச அளவை முதலில் சோதித்து அறிவர். அதில் பாதியே அவருக்குரிய பயிற்சி அளவு. பின்னர் அதே சுற்றுகளை முன்னினும் குறைந்த நேரத்தில் முடிக்க முயல்வர். பக்கத்து மாணவரை முந்துவது இங்கு நோக்கமன்று. நேற்றைய தம்மை முந்துவதே நோக்கம்.

1996இல் சப்பானிய ஆய்வாளர் இசுமி தபாத்தா குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. 20 வினாடி கடும் உழைப்பு, 10 வினாடி ஓய்வு என ஏழெட்டு முறை மிதிவண்டிக் கருவியில் பயின்ற இளைஞர்கள், ஆறு வாரங்களில் நல்ல முன்னேற்றம் கண்டனர். மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் பயின்றவர்களுக்கும் உயிர்வளி ஏற்கும் திறன் உயர்ந்தது. ஆயினும், குறுகிய கடும் உழைப்புக்குரிய ஆற்றல் முதற்குழுவினருக்கே உயர்ந்தது. அவ்வுயர்வு 28 விழுக்காடு.

அவ்விளைஞர்கள் உடற்கல்வி பயின்றவர்கள் என்பதை மறத்தலாகாது. அக்கடுமையை நம் சிறுவர்மீது அப்படியே சுமத்துவது தவறு. தீவிரம் என்பது அவரவர் உடலைப் பொறுத்தது. எட்டு முறை குந்தி எழக்கூடிய குழந்தைக்கு நான்கே போதிய தொடக்கம்; அடுத்த மாதம் அது ஐந்தாகலாம்.

ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வரும் மாணவன் ஒருவன் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பான். அவனும் தன்னை வென்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்ப இம்முறை வழிசெய்கிறது. வாரத்தில் கிடைக்கும் அந்தச் சிறு பாடவேளையை இனி அவனிடமிருந்து பறிக்காதிருப்போம்.