லயோலா: இரண்டு ஓநாய், ஒரு கொப்பரை, ஒரு வீடு

சென்னையில இருக்கிறவங்களுக்கு லயோலா கல்லூரியைத் தனியா அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1925இல் இயேசு சபையினர் தொடங்கிய கல்லூரி. சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரோட குடும்பப் பெயர்தான் லயோலா. ஆனா அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான். ஏன்னா அந்தக் குடும்பத்தோட சின்னம் ஒரு அர்த்தம் சொல்லுது, அவங்க தாய்மொழி வேற அர்த்தம் சொல்லுது.

வீடுதான் பெயர்

ஸ்பெயினோட வடக்கு ஓரத்துலயும் அதை ஒட்டின பிரான்ஸ் மூலையிலயும் இருக்கிறது பாஸ்க் நாடு. அவங்க மொழிக்கு உறவுமொழின்னு உறுதியா சொல்ல உலகத்துல இன்னொரு மொழி கிடையாது. அங்கே குடும்பப் பெயர் பெரும்பாலும் அப்பா பெயரிலிருந்தோ தொழிலிலிருந்தோ வரலை. குடியிருந்த வீட்டிலிருந்தும், அந்த வீடு நின்ற இடத்திலிருந்தும் வந்தது.

பாஸ்க் மொழியில ‘எட்சே’ன்னா வீடு. கொய்கோஎட்சேயா, மேல் வீடு. இபார்ரா, பள்ளத்தாக்கு. மெண்டிசபால், அகலமான மலை. எட்செபெர்ரி, புது வீடு. இந்தக் கடைசிப் பெயரை நீங்க வேற வடிவத்துல கேட்டிருப்பீங்க. அதுதான் தேய்ந்து தேய்ந்து ஷாவியேர், ஹாவியேர், சேவியர்னு ஆனது. ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்ச ‘ஷாபி’யும் அதேதான். 1542இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறை மக்களோட வாழ்ந்த பிரான்சிஸ் சவேரியார், நவார்ரா பகுதியில ஹாவியேர்ங்கிற கோட்டையில பிறந்தவர். அவர் அப்பாவோட பெயர் ஹாஸ்ஸோ, அம்மா வழி அஸ்பில்குவேட்டா. ஆனா உலகம் அவரைக் கூப்பிடுறது வீட்டுப் பெயரால.

லயோலாவும் அப்படித்தான். கிபுஸ்கோவா மாகாணத்துல அஸ்பெய்டியா ஊருக்குப் பக்கத்துல இருந்த ஒரு கோபுர வீட்டோட பெயர் அது. இஞ்ஞாசியார் 1491இல் அங்கே பிறந்தப்போ அவர் பெயர் இன்யிகோ லோப்பேஸ் தெ லயோலா. அவரோட அண்ணன், குடும்பச் சொத்துக்கு வாரிசானவர், மார்த்தீன் கார்சியா தெ ஓன்யாஸ். ஒரே வயித்துல பிறந்தவங்களுக்கு ரெண்டு குடும்பப் பெயர்! காரணம், 13ஆம் நூற்றாண்டில் ஓன்யாஸ், லயோலான்னு ரெண்டு வீடுகள் கல்யாணத்தால ஒண்ணாயின. அதனால எந்த வீட்டுப் பெயரையும் எடுத்துக்கலாம்.

சின்னம் என்ன சொல்லுது?

குடும்பக் கேடயத்துலயும் ரெண்டு பாதி. ஓன்யாஸ் பாதியில தங்க நிறப் பின்னணியில ஏழு சிவப்புப் பட்டைகள் சாய்வா ஓடும். 1321இல் பெயோட்டிபார்ங்கிற இடத்துல கிபுஸ்கோவா வீரர்கள் நவார்ரா படையைத் தோற்கடிச்சாங்க. அதுல இந்த வீட்டுச் சகோதரர்கள் ஏழு பேர் சண்டை போட்டதால ஏழு பட்டைன்னு குடும்ப மரபு சொல்லுது.

லயோலா பாதியில வெள்ளிப் பின்னணி. நடுவுல சங்கிலியில தொங்குற ஒரு கொப்பரை. ரெண்டு பக்கமும் கால் தூக்கி நிற்கிற ஓநாய்கள். ஊர்க்கதை என்னன்னா, இந்த வீட்டுல சாப்பிட்டு மிஞ்சினதை ஓநாய் கூட வந்து சாப்பிடுமாம், அவ்வளவு தாராளம். அந்தக் கால ஸ்பெயின்ல கொப்பரை சும்மா பாத்திரம் இல்லை. சொந்தப் படைக்குச் சோறு போட முடிஞ்ச பிரபுவோட அடையாளம் அது.

இப்போ விளையாட்டு புரியும். ஸ்பானிஷ்ல ஓநாய் ‘லோபோ’, பானை ‘ஓயா’. ‘லோபோ இ ஓயா’, ஓநாயும் பானையும். வேகமா சொல்லிப் பாருங்க, லோயோலா! இப்படிப் பெயரைப் படமா மாத்துற கேடயங்களுக்கு ஸ்பானிஷ்ல ‘பேசும் சின்னம்’னே பேர்.

பிரச்சினை என்னன்னா, அது ஸ்பானிஷ்ல பேசுது. பாஸ்க் மொழியில ‘லோய்’னா சேறு, ‘ஓலா’ங்கிறது இடத்தைக் குறிக்கும் விகுதி. மொழியியலாளர்கள் சொல்ற விளக்கம் இதுதான்: சேறான இடம். அந்தப் பக்கமா ஓடுற ஆத்தோட பெயர் உரோலா. அதுலயும் அதே ‘ஓலா’ இருக்கு, ‘உர்’ன்னா தண்ணீர். ஆத்தோரத்துச் சேத்து நிலம். அங்கே ஓநாயும் இல்லை, கொப்பரையும் இல்லை.

ஏன் இது முக்கியம்?

சேத்துக்குப் பதிலா ஓநாய் ஏன்? அதிகாரத்தோட மொழி ஸ்பானிஷ். கேடயத்தைப் பார்க்கப் போறவங்க காஸ்டில் அரசவைக்காரங்க. அவங்களுக்குப் புரியுற மாதிரி பெயர் பேசணும். அதுல லாபமும் இருந்தது. காஸ்டில்ல பிரபு வம்சம்னு நிரூபிச்சா நேரடி வரி கிடையாது, கடனுக்காகச் சிறையில போட முடியாது. கிபுஸ்கோவாவில பூர்வீகமா இருக்கிற எல்லாருமே பிரபு வம்சம்தான்னு அவங்க வாதாடினாங்க, அரசும் ஏத்துக்கிட்டது. அதுக்குச் சாட்சி? ஊரறிஞ்ச பழைய வீடு ஒண்ணோட வாரிசுன்னு காட்டணும். அதனால கொல்லனுக்கும் மாலுமிக்கும்கூட வீட்டுப் பெயர்தான் பத்திரம்.

ஆனா சின்னம் யாரையும் காப்பாத்திடலை. இந்தக் குடும்பங்கள் கோஷ்டி கோஷ்டியா அடிச்சுக்கிட்டதுல ஊர்களே எரிஞ்சுது. 1450களின் கடைசியில அரசர் நான்காம் என்ரிக்கே அவங்க கோபுரங்களை இடிக்கச் சொல்லி, இஞ்ஞாசியாரோட தாத்தா ஹுவான் பேரேஸை எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தினார். திரும்பி வந்தவர் மேல் பகுதியைச் செங்கல்லால கட்டினார். இன்னிக்கும் அந்த வீட்டைப் பார்த்தா தெரியும்: கீழே கோட்டை மாதிரி கருங்கல், மேலே மாளிகை மாதிரி செங்கல். வாசலுக்கு மேல அந்த ஓநாய்கள். 1521இல் பாம்ப்லோனா சண்டையில பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைஞ்ச இஞ்ஞாசியாரை அந்த வாசல் வழியாத்தான் தூக்கிட்டு வந்தாங்க.

ஓநாய்கள் அப்புறம் கடல் தாண்டிப் போச்சு. அமெரிக்காவில சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தோட சின்னத்துலயும் கொப்பரை தொங்குது. நியூ ஆர்லியன்ஸ் லயோலா விளையாட்டு அணிக்குப் பெயரே ‘ஓநாய்க் கூட்டம்’.

சேறு என்ன ஆச்சு? அதுவும் அழியலை. ஃபிராங்கோ ஆட்சியில குழந்தைகளுக்குப் பாஸ்க் பெயர் வைக்கவே தடை இருந்தது, குடும்பப் பெயரையும் ஸ்பானிஷ் எழுத்துலதான் பதிவாங்க. 1999இல் வந்த ஒரு சட்டம், குடும்பப் பெயரை அவங்கவங்க மொழி எழுத்துமுறைப்படி திருத்திக்க வழி செஞ்சது. எச்செவெர்ரியாவா பதிவானவங்க எட்செபெர்ரியான்னு எழுதிக்கலாம். அந்த ஊர்க்காரங்க இப்போ லயோலாவை எழுதுறது ‘லோய்ஒலா’ன்னு. அதுல ‘லோய்’ பளிச்சுன்னு தெரியுது.

சின்னம் பொய்னு தூக்கிப் போட வேண்டாம். யார் கிட்ட மரியாதை வாங்க அந்தக் குடும்பம் ஆசைப்பட்டதுன்னு ஓநாய் சொல்லுது. அவங்க எங்கிருந்து வந்தாங்கன்னு சேறு சொல்லுது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.